கண்ணுக்குப் புலப்படவில்லை

என் தமக்கையின் கணவருக்காக நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் ஒரு பக்க அளவினது. அதில் பதினான்கு வாக்கியங்கள் இருந்தன. பதின்மூன்றைப் பற்றி எனக்கு இன்றும் குறையில்லை. எஞ்சிய ஒன்று மெய்தானா என்று பார்ப்பதற்காக அவர் பித்தளைத் தகட்டில் ஓர் எஞ்சின் செய்தார். செய்து முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

அவர் மீட்டர் பாதையில் டீசல் எஞ்சின் ஓட்டியவர்; வீடு கடலூர் முதுநகரில். நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியன். கடல் ஊருக்குள் வந்து போனதற்கு மறு ஆண்டு, காலை நேரத்துப் பயணிகள் வண்டியைச் சிதம்பரத்திலிருந்து அவர் வடக்கே ஓட்டிச் சென்றார். கிள்ளைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இடையே, பாதை வலப்பக்கம் வளையும் ஓரிடத்தில், இடப்பக்கத்திலிருந்து தண்டவாளத்தைக் கடக்க வந்த பெண்ணொருத்தி அடிபட்டு இறந்தாள். மீன் வாங்க வெறுங்கூடையோடு கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தவள். கரையில் வீடிழந்து, பாதைக்கு மேற்கே போட்டிருந்த தகரக் கொட்டகையில் குடியிருந்தவள். அதற்கு முன்னர்க் கடலுக்குப் போக அவள் தண்டவாளத்தைக் கடக்க வேண்டியிருந்ததில்லை.

அந்த வகை எஞ்சினில் ஓட்டுநர் அறை ஒரு கோடிக்கு அருகில் இருக்கும். அறைக்கு ஒரு பக்கம் குட்டையான மூக்கு. மறுபக்கம் எந்திரத்தை மூடிய, முப்பதடி நீண்ட பேழை. சில நாள்களில் மூக்கு முன்னே செல்லும். சில நாள்களில் பேழை முன்னே செல்லும். அன்று பேழை முன்னே சென்றது. இடப்பக்கம் அமர்ந்த ஓட்டுநர், அந்த முப்பதடி இரும்பின் ஓரமாகக் கிடைக்கும் இடுக்கின் வழியேதான் பாதையைப் பார்த்தாக வேண்டும்.

விபத்துக்கு இரண்டாம் நாள் அக்காள் என்னை அழைத்தாள். மாமா நாற்காலியில் அமர்ந்திருந்தார். சட்டையின் மேற்பொத்தான் வரை போட்டிருந்தார். நான் தாளை விரித்து வைத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னேன்.

“ஆரன் அடிக்கச் சொல்லி நட்டிருக்கிற டபிள்யூ போர்டுல அடிச்சேன் மச்சான். அப்பால வளைவு. அசிஸ்டென்ட் அவரு பக்கத்துல தலைய நீட்டி, பின்னால வண்டி ஒழுங்கா வருதான்னு பாத்துக்கினு இருந்தாரு. அது ரூல்தான். நான் முன்னால பாத்துக்கினு இருந்தேன். அவுங்க வந்தது... என்னமோ மஞ்சளா... தெரியல மச்சான். தெரியல.”

தெரியல. பேச்சில் அச்சொல்லுக்குப் பொருள் இரண்டு: அறியேன் என்பது ஒன்று, காணவில்லை என்பது மற்றொன்று. ‘தெரியவில்லை’ என்று நான் எழுதியிருந்தால் இரண்டும் அதனுள் இருந்திருக்கும். ஆனால் இருபொருள்படும் சொல்லை முடிவான ஓர் ஆவணத்தில் வைப்பது பிழை என்பது என் கொள்கை. மாணவர் கட்டுரைகளில் இருபது ஆண்டுகளாக நான் சிவப்பு மையால் சுழித்துவந்த பிழை அது. ஆகவே இவ்வாறு எழுதினேன்: ‘வளைவில் எஞ்சினின் நீண்ட முற்பகுதி மறைத்தமையால், அப்பெண் வந்தது என் கண்ணுக்குப் புலப்படவில்லை.’ மஞ்சளை விட்டுவிட்டேன். வாக்கியமாக முற்றுப்பெறாத ஒன்றை எங்கே சேர்ப்பது?

மாமா படிக்காமலே கையெழுத்திட்டார். விசாரணையில் அவர்மீது குற்றமில்லை என்று முடிவாயிற்று. எழுத்து நன்றாக இருப்பதாக அலுவலர் ஒருவர் சொன்னாராம். அக்காள் அதை என்னிடம் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இங்கே மறைப்பதால் பயனில்லை.

பிறகு அவர் ஓய்வு பெற்றார். அகலப் பாதை போடுவதற்காக வண்டிகள் நிறுத்தப்பட்டன. வீட்டுக்குப் பின்னாலிருந்த தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். மாதம் இருமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தில் போய் நான் அவர்களைப் பார்த்து வருவேன். அப்படிப் போன ஒரு நாளில், வாக்குமூலத்தின் படியை மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார் மாமா.

“மச்சான், நான் தெரியலன்னு சொன்னனே, நீ அத இன்னான்னு எடுத்துக்கின?”

“பாக்கலன்னுதான மாமா.”

“நான் சொன்னது அது இல்ல. பாத்தேனா பாக்கலயான்னே எனக்குத் தெரியல. நீ பாக்கலன்னு எழுதிப்புட்ட.”

“அவ்ளோ நீளம் மறைச்சிருக்குமே மாமா. பாத்திருக்கவே முடியாது.”

“நீ எஞ்சின்ல ஏறியிருக்கியா?”

இல்லை என்றேன்.

“வாத்தியாரு கிளாஸ்ல உக்காந்து எஞ்சின் ஓட்டிப்புட்டாரு,” என்று அக்காளிடம் சொன்னார். அக்காள் சிரிக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, “நீ எழுதுனது நெசமான்னு பாக்கணும் மச்சான். அவ்ளோதான். நெசம்னா வுட்டுர்றேன்,” என்றார்.

பார்ப்பதற்குப் பாதையும் இல்லை, எஞ்சினும் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. பழைய மீட்டர் பாதை வண்டிகளைப் படமெடுக்க ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த வெளிநாட்டுவாழ் பொறியாளர் ஒருவருக்கு, மாமா முன்பு பணிமனையில் அளவுகள் எடுத்துக் கொடுத்திருந்தார். அந்த அளவுகளைக் கொண்டு அந்தப் பொறியாளர் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் அதே எஞ்சினை வரைந்து, அமிலத்தால் பித்தளையை அரித்துத் தகடுகளாக்கி, நன்றிக்கு அடையாளமாக ஒரு தொகுதியை அஞ்சலில் அனுப்பியிருந்தார். தட்டையான ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே நான்கு தகடுகள். கதவு, சாளரம், படிக்கட்டு, காற்றுப்போக்கி எல்லாம் செய்தித்தாள் அச்சுபோல் ஒரே தளத்தில் கிடந்தன. ஒவ்வொன்றும் மெல்லிய காம்புகளால் சட்டத்தோடு ஒட்டியிருந்தது.

“கடைல விக்கிற பொம்மைல சன்னல் வெறும் பெயிண்டு. இதுல ஓட்டை. சுவரும் அளவுக்கு மெலிசு. இதுவழியா பாக்கலாம்,” என்றார் மாமா.

செய்முறைத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழாக்கி நாற்பது பக்கக் குறிப்பேட்டில் எழுதிக் கொடுப்பது என் பங்கு. ‘பற்றுக்கோலின் நுனியில் ஈயம் பூசிக்கொண்டு இணைப்பிடத்தைத் தொடுக’ என்று எழுதியிருந்தேன். மாமா அதை வாய்விட்டுப் படித்தார்.

“பற்றுக்கோல்னா?”

“சால்டரிங் ராடு மாமா.”

“அத அப்பிடியே எழுதுனா கை வலிக்குமா? இனிமே புது வார்த்த எதுவும் போடாத. எனக்கு ஏற்கெனவே ஒண்ணு போட்டது போதும்.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.

வேலை மிக மெதுவாக நடந்தது. காம்புகளைக் கத்தியால் வெட்டி, வெட்டிய இடத்தை அரத்தால் தேய்க்கவேண்டும். மடிக்கவேண்டிய இடங்களில் தகட்டின் பாதிக் கனத்துக்குக் கோடு அரித்திருக்கும். கோடு மடிப்பின் உட்பக்கம் வரவேண்டும். ஒருமுறைதான் மடிக்கலாம், தவறாக மடித்து நிமிர்த்தினால் கோட்டிலே முறிந்துபோகும். தகட்டின் பின்புறம் ஊசி முனையால் அழுத்தினால் முன்புறம் கடுகினும் சிறிய ஆணித்தலைகள் எழும். பேழைக்கு மட்டும் அத்தகையவை முந்நூறுக்கு மேல் இருந்தன. மாமாவுக்குக் கிட்டத்துப் பார்வை குறைந்திருந்ததால் ஆணித்தலைகளை நான் எழுப்பினேன். ஈயம் வைப்பது அவர். ஈயப்பசையின் புகை கூடத்தில் நிற்கும். மாலையில் அக்காள் எஞ்சினை வாங்கிப் போய், குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி வைத்துத் தேய்த்துக் கழுவித் துடைத்துத் தருவாள். அவள் கையில் அது பளபளக்கும். மேசையில் வைக்கும்போது அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள்.

“இன்னாத்துக்குத் தம்பி இதக் கிளறிக்கினு? குத்தம் இல்லன்னு எழுதிக் குடுத்தாச்சுல்ல?” என்று ஒருநாள் அடுக்களையில் என்னைக் கேட்டாள். எழுதிக் கொடுத்ததுதான் கேள்வி என்று அவளுக்கும் தெரியும்.

முதலில் மடித்த பேழை வீணாயிற்று. மூலையில் ஈயம் திரண்டு, அகலம் மயிரிழை கூடிவிட்டது. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றேன். மாமா அளவுகோலைக் காட்டினார்.

“அரை மில்லி ஜாஸ்தி. நாப்பத்தெட்டால பெருக்கு. ஒரு இஞ்சு இரும்ப நீயா சேக்குற. மறைக்கறதுக்கு.”

சூடுகாட்டிப் பிரித்தார், பிரிக்கையில் ஒரு மடிப்பு முறிந்தது. வெளிநாட்டுக்கு எழுதி வேறு தகடு வரவழைக்க ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதத்தில் ஒருநாள் இருவரும் பேருந்தில் போய், அந்த வளைவை நாடாவால் அளந்து வந்தோம். பழைய தண்டவாளம் போய்ப் புதியது வராத மண்மேடாக இருந்தது அவ்விடம். குறுக்கே ஒற்றையடிப் பாதை அப்படியே இருந்தது. யாரோ நடந்துகொண்டுதான் இருந்தார்கள். மாமா அந்தப் பாதையில் கால் வைக்கவில்லை. நாடாவின் மறுமுனையை என்னிடம் கொடுத்துவிட்டு மேட்டின்மேலேயே நின்றார்.

எஞ்சின் ஒருவழியாக முடிந்தது. வண்ணம் பூசவில்லை, சக்கரம் ஓட விசைப்பொறியும் வைக்கவில்லை. ஒன்றரைச் சாண் நீளத்தில் வெறும் பித்தளையாக நின்றது. ஓட்டுநர் அறையின் கூரையை மட்டும் பற்றவைக்காமல், எடுத்து வைக்கும்படி விட்டிருந்தார். மாமாவை முக்காலியில் அமர்த்தி, இருக்கையிலிருந்து கண்வரையுள்ள உயரத்தை அக்காளின் தையல் நாடாவால் நான் அளந்தேன். நாற்பத்தெட்டால் வகுத்து, அந்த உயரத்தில் இடப்பக்க இருக்கையில் ஓர் ஊசியை நட்டார். ஊசியின் தலை அவர் கண். அதில் கறுப்பு நூல் ஒன்றைக் கட்டினார். எஞ்சிய பித்தளைச் சட்டத்திலிருந்து, தீக்குச்சியைவிடச் சற்றுக் குட்டையாக ஓர் உருவம் வெட்டினார். முகமோ சேலையோ எதுவும் அதில் இல்லை.

கூடத்தின் சிவப்புத் தரையில் சுண்ணக்கட்டியால் வளைவை வரைந்தோம். அன்றைய வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு எவ்வளவு நகரும், நடக்கிற ஒருத்தி ஒரு நொடிக்கு எவ்வளவு நகர்வாள் என்று கணக்கிட்டு, எஞ்சினுக்குப் பத்துக் குறிகள், அவளுக்குப் பத்துக் குறிகள். மோதலுக்கு முந்திய பத்தாவது நொடியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வரவேண்டும். நூலை இழுத்துப் பிடித்து அவள் தலையைத் தொடவேண்டும். போகும் வழியில் நூல் பித்தளையில் பட்டால், மறைந்திருக்கிறாள். படாமல் போனால், தெரிகிறாள்.

மாமா தரையில் குப்புறப் படுத்து எஞ்சினை நகர்த்தினார். நான் மண்டியிட்டு உருவத்தையும் நூலையும் பிடித்தேன். அக்காள் நிலைப்படியில் நின்றாள்.

பத்து. நூல் பேழையின் விளிம்பில் மடங்கியது. ஒன்பது, எட்டு, ஏழு, எல்லாவற்றிலும் மடங்கியது. ஆறில் அக்காள், “மறைக்குதுல்ல?” என்றாள். ஐந்தில் மடங்கியது. நான்கில் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் உரசியது; மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, “படுது,” என்றார். என் வாக்கியம் நிலைத்துவிடும் என்று அப்போது நான் நம்பினேன்.

மூன்றில் நூல் படவில்லை. பேழையின் ஓரத்துக்கும் நூலுக்கும் இடையே ஒரு நெல் நுழையும் இடைவெளி இருந்தது.

நான் கையை வலப்பக்கம் சற்றே நகர்த்தினேன். வேண்டுமென்றேதான் நகர்த்தினேன். நூல் போய் விளிம்பில் ஒட்டியது.

“கைய ஆட்டாத,” என்றார் மாமா, தலையைத் தூக்காமலே.

உருவத்தைக் குறியில் திரும்ப வைத்தேன். இடைவெளி திறந்தது. இரண்டிலும் திறந்திருந்தது. ஒன்றில் ஒரு தாள் கனத்துக்குத் திறந்திருந்தது. அதற்கு மேல் குறியில்லை.

மாமா எழுந்து உட்கார்ந்தார். சட்டையின் முன்புறம் முழுதும் சுண்ணம்.

“மூணு செகண்டு,” என்றார். “கண்ணுல பட்டிருக்கு. மஞ்சள்னு சொன்னேன்ல. கண்ணுல பட்டிருக்கு, மனசுல படல.”

“மூணு செகண்டுல வண்டிய நிறுத்த முடியுமா மாமா?”

“நிறுத்த முடியாது. ஆரன் அடிக்கலாம். கை அது மேலதான் இருக்கும்.”

அக்காள் ஈரத்துணி கொண்டுவந்து தரையைத் துடைக்கத் தொடங்கினாள். குறிகள் ஒவ்வொன்றாக அழிந்தன. அவர் தடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து என்னை உடன் வரச் சொன்னார். அந்தப் பெண்ணின் கணவரிடம் சொல்ல வேண்டும் என்றார். நான் மறுத்துப் பார்த்தேன். பிறகு, எழுதியவன் நான் என்பதால் போனேன்.

கொட்டகைகள் போய்ச் சிமெண்டு வீடுகள் வந்திருந்தன. கணவர் வாசலில் வலையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். மாமா தம்மை யாரென்று சொன்னதும் அவர் எழுந்து, நாற்காலி ஒன்றை எடுத்துப் போட்டார். மாமா அமரவில்லை. எஞ்சினைப் பற்றியோ நூலைப் பற்றியோ சொல்லாமல், நேராகச் சொன்னார்.

“அன்னிக்கு எஞ்சின் மறைச்சிடுச்சின்னு எழுதிக் குடுத்தேன். முழுசா மறைக்கல. கடைசியில கொஞ்ச நேரம் தெரிஞ்சிருக்காங்க. அப்ப நான் ஆரன் அடிக்கல.”

“எழுதுனது நான்,” என்றேன். “அவரு அப்பிடிச் சொல்லல.”

கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

“ஆபீசுல படிச்சிக் காமிச்சாங்க சார்,” என்றார். “புலப்படவில்லன்னு ஒரு வார்த்த வந்துச்சி. எனக்குப் புரியல. எங்க பொண்ணுதான் சொல்லுச்சி, கண்ணுக்கே தெரியலன்னு அர்த்தம்பா, யாரு மேலயும் தப்பு இல்லன்னு. அப்ப அது ஆறாவது படிச்சிச்சி. கடலு வந்தப்பவும் யாரு மேலயும் தப்பு இல்ல, இதுவும் அப்பிடித்தான்னு சொல்லிக்கினு இருப்போம். அத வச்சிதான் சார் இவ்ளோ நாளு ஓட்டுனோம்.”

அவர் குனிந்து வலையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்:

“கொஞ்ச நேரம்னா எவ்ளோ நேரம்?”

“மூணு செகண்டு.”

கணவர் வலையைப் பார்த்தபடி வாய்க்குள் எண்ணினார். உதடு அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. எண்ணி முடித்து, மறுபடியும் எண்ணினார். இரண்டாம் முறை அவருடைய ஒரு பாதம் தரையில் சற்றே பின்னுக்கு நகர்ந்தது.

“ஒரு அடி பின்னால வச்சிருக்கலாம் சார் அவ,” என்றார்.

“ஆமா,” என்றார் மாமா.

நான் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். வலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலைப் பார்த்தார்.

“கெளம்புங்க சார். பொண்ணு பள்ளிக்கூடம் வுட்டு வர்ற நேரம். இந்த ரோட்டாலதான் வரும். உங்களப் பாத்தா யாருன்னு கேக்கும், எனக்குப் பொய் சொல்ல வராது. பொண்ணுக்கு அந்தப் பழய பேச்சே இருக்கட்டும். எனக்கு மட்டும் சொன்னதா இருக்கட்டும்.”

“வேற வழி இருக்கா?” என்று மாமா கேட்டார்.

“லைன் மேட்டு மேல ஏறி அப்பிடியே வடக்கால போனா ரயில்வே கேட்டு வரும். அங்க பஸ் நிக்கும்.”

மேட்டின்மேல் புதுத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். வண்டி இன்னும் ஓடத் தொடங்கவில்லை. மேற்பரப்பு துருவேறிச் செம்மண் நிறத்தில் இருந்தது. சல்லியில் நடப்பது மாமாவுக்குக் கடினமாக இருந்ததால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கீழே சாலையில் சீருடை அணிந்த பெண்பிள்ளைகள் சிலர் பேசிக்கொண்டே வந்தார்கள். அவர்களில் அவள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அவர்கள் கடந்து போகும்வரை இருவரும் முகத்தைக் கடற்பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தோம்.